பழைய ஃபிலிம் கேமராவில் ஃப்ளாஷ் அடிக்கப் பழகுவோருக்கு

பீரோவின் மேல்தட்டிலிருந்து இறக்கிய பென்டாக்ஸோ யாஷிகாவோ ஜெனிட்டோ, பகல் வெளிச்சத்தில் இரண்டு ரோல் எடுத்தால் கைக்குள் வந்துவிடும். ஃப்ளாஷைச் செருகியதும்தான் சிக்கல். கழுவி வந்த ரோலைப் பார்த்தால் ஒரு படத்தில் பாதி கறுப்பு, அடுத்ததில் மாப்பிள்ளை முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. மூன்றையும் ஃபிலிம் போடுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

ஒன்றை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைய டிஜிட்டல் கேமரா, எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று ஃப்ளாஷுக்குச் சொல்லும். பழைய கேமராவால் "இப்போ அடி" என்று மட்டும்தான் சொல்ல முடியும். ஷட்டர் திறக்கும்போது உள்ளே இரண்டு தகடுகள் தொட்டுக்கொள்கின்றன, ஃப்ளாஷ் அடிக்கிறது, அதோடு சரி. எவ்வளவு வெளிச்சம் என்பதைத் தூரத்தை வைத்து நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும். கேமராவுக்குள் ஆடும் மீட்டர் ஊசி இதற்கு உதவாது. அது இப்போது இருக்கும் வெளிச்சத்தை அளக்கிறது. ஃப்ளாஷ் இன்னும் அடிக்கவே இல்லையே.

எங்கே செருகுவது

கேமராவின் உச்சியில், சின்னத் தண்டவாளம் போல இரண்டு விளிம்பு உள்ள இடம்தான் ஷூ. அதன் நடுவில் வட்டமான உலோகப் புள்ளி இருந்தால் ஹாட் ஷூ. ஃப்ளாஷைத் தள்ளிச் செருகினால் போதும், வயர் வேண்டாம். பென்டாக்ஸ் கே1000, கேனன் ஏஇ-1, நிக்கான் எஃப்எம் எல்லாம் இந்த வகை. புள்ளி இல்லாமல் வெறும் தகடாக இருந்தால் கோல்டு ஷூ. அது ஃப்ளாஷைத் தாங்கும், அடிக்க வைக்காது. அப்போது கேமராவின் முன்பக்கத்திலோ ஓரத்திலோ சின்ன வட்டத் துளையைத் தேடுங்கள். அதுதான் பி.சி. சாக்கெட். கம்ப்யூட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரான்டர், கம்பூர் என்ற இரண்டு ஜெர்மன் ஷட்டர்களின் முதலெழுத்து. ஃப்ளாஷிலிருந்து வரும் பி.சி. வயரை அதில் செருக வேண்டும். உங்கள் ஃப்ளாஷில் வயர் செருக இடமில்லை என்றால், மேலே ஹாட் ஷூவும் பக்கத்தில் பி.சி. துளையும் உள்ள சின்ன அடாப்டர் கிடைக்கிறது. அதை இடையில் போட்டுக்கொள்ளலாம்.

நிக்கான் எஃப், எஃப்2, எஃப்3 வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அவற்றின் ஷூ ஃபிலிம் சுற்றும் பிடிமீது இருக்கிறது, அமைப்பும் வேறு. சாதாரண ஃப்ளாஷ் அதில் ஏறாது. எஃப், எஃப்2-க்கு ஏஎஸ்-1, எஃப்3-க்கு ஏஎஸ்-4 என்ற அடாப்டர்கள் உண்டு. தேடி அலைய விருப்பமில்லை என்றால் பி.சி. வயரே போதும்.

புது ஃப்ளாஷின் அடியில் நாலைந்து ஊசிகள் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழைய கேமராவுக்கு நடு ஊசி மட்டும்தான் கணக்கு. யாங்னுவோ 560, கோடாக்ஸ் டிடி600 போன்ற, கையால் அளவு வைக்கும் மலிவான ஃப்ளாஷ்கள் பழைய கேமராவோடு நன்றாகவே ஒத்துப்போகும். அவற்றில் ஒரே தொல்லை, சில நிமிடம் சும்மா விட்டால் தூங்கிவிடும். பழைய கேமராவால் எழுப்ப முடியாது. மெனுவில் அந்தத் தூக்கத்தை முதலிலேயே அணைத்து வையுங்கள்.

ஃப்ளாஷ் அடிக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் பி.சி. வயர்மேல்தான். நுனியில் உள்ள மெல்லிய வளையம் நாளடைவில் விரிந்து, தொட்டும் தொடாமலும் நிற்கும். சின்னக் குறடால் லேசாக ஒரு அழுத்து. ஷூவின் புள்ளியைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துத் துடையுங்கள். இந்த இரண்டோடு பாதித் தகராறு தீர்ந்துவிடும்.

எக்ஸ், எம், வி

சாக்கெட்டுக்குப் பக்கத்தில் அல்லது லென்ஸைச் சுற்றி எக்ஸ், எம் என்று எழுதிய ஒரு நெம்பி இருக்கலாம். சில கேமராக்களில் நெம்பிக்குப் பதில் இரண்டு தனித்தனித் துளைகள், ஒன்றில் எக்ஸ், இன்னொன்றில் எம் அல்லது எஃப்பி. எலக்ட்ரானிக் ஃப்ளாஷுக்கு எப்போதும் எக்ஸ்தான்.

எம் என்பது (எஃப்பியும்தான்) ஒரு தடவை எரிந்ததும் தூக்கிப் போடும் அந்தக் காலத்துப் பல்புக்கு. பல்பு பற்றி எரிந்து உச்ச வெளிச்சத்துக்கு வர சுமார் 20 மில்லி செகண்ட் ஆகும். அதனால் கேமரா முதலில் பல்பைப் பற்றவைத்து, கொஞ்சம் பொறுத்துத்தான் ஷட்டரைத் திறக்கும். எலக்ட்ரானிக் ஃப்ளாஷோ ஒரு சில மில்லி செகண்டுக்குள் அடித்து அணைந்துவிடும். எம்-இல் வைத்தால் ஷட்டர் திறக்கும்போது வெளிச்சம் போய்விட்டிருக்கும். ரோல் முழுக்கக் காலியாக வருவதற்கு இதுதான் வழக்கமான காரணம். ஃப்ளாஷ் ஒழுங்காக அடித்ததைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள், அதனால் லேபைச் சந்தேகிப்பீர்கள்.

பழைய ஜெர்மன், ஜப்பான் கேமராக்களில் அதே நெம்பியில் வி என்று மூன்றாவது எழுத்தும் இருக்கும். அது செல்ஃப் டைமர். பல வருடம் கிடந்த கேமராவில் அதைத் தொடாதீர்கள். எண்ணெய் இறுகிய பல்சக்கரம் பாதியில் நின்றால் ஷட்டரே மாட்டிக்கொள்ளும்.

எந்த வேகத்தில் அடிக்கலாம்

கே1000, ஓஎம்-1 போன்ற எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும்) கேமராக்களில் ஃபிலிமுக்கு முன்னால் இரண்டு திரைகள் ஓடுகின்றன. முதல் திரை விலகி ஃபிலிமைத் திறக்கும், இரண்டாவது பின்னாலேயே வந்து மூடும். மெதுவான வேகத்தில், முதல் திரை முழுக்க விலகி இரண்டாவது கிளம்பும் முன் ஃபிலிம் முழுதும் திறந்திருக்கும் ஒரு கணம் உண்டு. ஃப்ளாஷ் அந்தக் கணத்தில்தான் அடிக்கும். வேகத்தைக் கூட்டினால் முதல் திரை கரை சேருமுன் இரண்டாவது கிளம்பிவிடும். அப்போது ஃபிலிம்மேல் நகர்வது ஒரு கீற்றுதான். மூடிய பகுதி கறுப்பாக நிற்கும்.

முழு ஃபிலிமும் திறக்கும் மிக அதிகமான வேகமே சிங்க் வேகம். கே1000, ஏஇ-1, ஓஎம்-1 மூன்றுக்கும் 1/60. நிக்கான் எஃப்எம்-க்கு 1/125. எஃப்எம்2-வில் முதலில் வந்ததற்கு 1/200, பின்னால் வந்ததற்கு 1/250. ஜெனிட்-இ என்றால் 1/30தான். பெரும்பாலான கேமராக்களில் டயலிலேயே அந்த எண் சிவப்பாகவோ, எக்ஸ் குறியோடோ, மின்னல் குறியோடோ இருக்கும். அதைவிட மெதுவான எந்த வேகமும் ஆகும், வேகமானது ஆகாது.

யாஷிகா மேட் 124ஜி போன்றவற்றில் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது. இதழ் போல நடுவிலிருந்து விரிந்து மூடும் இந்த லீஃப் ஷட்டருக்கு அந்தத் தடை இல்லை. 1/500 வரை எந்த வேகத்திலும் ஃப்ளாஷ் அடிக்கலாம். ஏற்காட்டு வெயிலில் இது எவ்வளவு பெரிய வசதி என்று பின்னால் தெரியும்.

ஃபிலிம் போடுமுன் ஒரு சோதனை, ஐந்து நிமிட வேலை. இருட்டியபின் அறை விளக்கை அணைத்து, கேமராவின் பின்கதவைத் திறந்து வையுங்கள். உள்ளே ஃபிலிம் இருக்கக் கூடாது. லென்ஸ் வளையத்தை மிகப் பெரிய திறப்புக்குத் திருப்புங்கள். வெள்ளைச் சுவரிலிருந்து மூன்று அடியில் கேமராவைச் சுவர் பக்கம் நீட்டி, பின்னாலிருந்து ஃபிலிம் ஓடும் சட்டத்தைப் பார்த்தபடி ஷட்டரை அழுத்துங்கள். சட்டம் முழுதும் வெள்ளையாக மின்னினால் அந்த வேகம் சரி. ஒரு ஓரம் இருட்டாகத் தெரிந்தால் சரியில்லை. துணித்திரை கேமராக்களில் அந்த இருட்டு இடது அல்லது வலது ஓரத்தில் விழும். மேலிருந்து கீழாக ஓடும் உலோகத் திரையில் மேலேயோ கீழேயோ. டயலில் போட்டிருக்கும் சிங்க் வேகத்திலேயே ஓரம் இருண்டால் திரை சோம்பிப்போயிருக்கிறது என்று பொருள். சர்வீஸுக்குக் கொடுக்கும்வரை ஒரு படி இறங்கி எடுங்கள், 1/60 என்றால் 1/30-இல். எதுவுமே மின்னவில்லை என்றால் எக்ஸ், எம் நெம்பியைப் பாருங்கள்.

கிடந்த ஃப்ளாஷை எழுப்புதல்

பெட்டிக்குள் பத்துப் பதினைந்து வருடம் கிடந்த விவிட்டார், சன்பேக், நேஷனல் ஃப்ளாஷில் புது பேட்டரி போட்டு உடனே படபடவென்று அடிப்பது தப்பு. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் நீண்ட நாள் சும்மா இருந்தால் சார்ஜைப் பிடிக்கும் குணத்தை இழந்திருக்கும். அதைப் பதமாகத்தான் பழக்க வேண்டும். முதலில் பேட்டரி அறையைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் காது குடையும் பஞ்சுக்குச்சியில் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, ஈரம் போகக் காயவிடுங்கள். ஆல்கலைன் பேட்டரி கசிந்தது காரம். புளிப்பு அதை முறிக்கும். பிறகு நல்ல பேட்டரி போட்டு ஆன் செய்யுங்கள். விசில் போல மெல்லிய சத்தம் ஏறும். ரெடி விளக்கு எரிந்ததும் அடிக்காமல் ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, பின் அணையுங்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. நாலைந்து முறை இப்படி ஆனபின் ஒரு முழு அடி, அடுத்து இன்னொன்று. ரெடி விளக்கு வர எடுக்கும் நேரம் ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்தால் ஃப்ளாஷ் பிழைத்துக்கொண்டது. சூடாகிக் கருகல் நாற்றம் வந்தால் பேட்டரியைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள்.

ஸ்க்ரூ கழற்றிப் பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம். கெப்பாசிட்டரில் 300 வோல்டுக்கு மேல் நிற்கும். பேட்டரியை எடுத்துவிட்ட பிறகும் நிற்கும். வீட்டு கரண்டைவிட அதிகம் அது.

பென்சில் பேட்டரியில் பெட்டிக்கடை மலிவு செல் ஃப்ளாஷுக்கு ஆகாது. பத்து அடிக்குள் மூச்சு வாங்கும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்தான் மேல். 1.2 வோல்ட் என்று குறைவாகப் போட்டிருந்தாலும் கரண்டை வேகமாகக் கொடுக்கும், ரெடி விளக்கு சீக்கிரம் வரும். இன்னொரு ரகசியம்: ரெடி விளக்கு எரிந்தவுடன் ஃப்ளாஷ் முழுக்க நிறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். பல ஃப்ளாஷ்களில் முக்கால்வாசி ஏறியதுமே விளக்கு எரியும். விளக்கு எரிய எடுத்த அளவு நேரம் இன்னொரு மடங்கு காத்திருந்து அடியுங்கள். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் அவசரப்பட்டு அடித்த மூன்றாவது படம் மங்கிப்போவது இதனால்தான்.

அடுத்து வோல்ட். பழைய ஃப்ளாஷ் சில, கேமராவின் தொடுபுள்ளியில் 200 வோல்டுக்கு மேல் காட்டும். கே1000, ஜெனிட் போல வெறும் இயந்திரமாக உள்ளவை அதைத் தாங்கும், தொடுபுள்ளி மட்டும் நாளடைவில் கருகும். மின்சுற்று உள்ள ஏஇ-1 போன்றவற்றில் வேண்டாம். டிஜிட்டல் கேமராவில் வைக்கவே கூடாது. ஐ.எஸ்.ஓ. 10330 என்ற தரம், கேமராக்கள் 24 வோல்ட் வரை தாங்க வேண்டும் என்கிறது. சில கம்பெனிகளின் பழைய டிஜிட்டல் கேமராக்கள் அதற்கும் குறைவாகத்தான் கேட்கும். அளப்பது சுலபம். மல்டிமீட்டரை டி.சி. 600 வோல்ட் அளவில் வைத்து, ஃப்ளாஷை ஆன் செய்து ரெடி விளக்கு வந்ததும் சிவப்புக் கம்பியை அடி நடு ஊசியிலும் கறுப்பை பக்கத் தகட்டிலும் வையுங்கள். விரல் மட்டும் படக் கூடாது. மிக மலிவான மீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், அதையும் மனதில் வையுங்கள்.

கைடு நம்பர்: ஒரே ஒரு வகுத்தல்

ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் எண் கைடு நம்பர். அதைத் தூரத்தால் வகுத்தால் வைக்க வேண்டிய அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் திறப்பின் எஃப் எண் வரும் (எண் கூடினால் திறப்பு சின்னது). தூரத்தை அடியில் அளந்தால் அடிக் கைடு நம்பர், மீட்டரில் அளந்தால் மீட்டர் கைடு நம்பர். இரண்டையும் கலந்தால் படம் போச்சு. ஐ.எஸ்.ஓ. (ஃபிலிம் வெளிச்சத்தை உணரும் வேகம்) 100-இல் மீட்டருக்கு 24 என்று போட்டிருந்தால் அடிக்கு ஏறக்குறைய 80. நம் ஊரில் அடிதான் கைக்கும் கண்ணுக்கும் பழக்கம், ஆகவே அடியிலேயே போவோம்.

80-ஐ 10 அடியால் வகுத்தால் எஃப்/8. 5 அடி என்றால் எஃப்/16. 7 அடிக்கு எஃப்/11, 14 அடிக்கு எஃப்/5.6, 20 அடிக்கு எஃப்/4. இந்த 5, 7, 10, 14, 20 என்ற வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு படிக்கும் சரியாக ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதியாகும் அளவு. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. அதனால்தான் 10-லிருந்து 20-க்குப் போக இரண்டு ஸ்டாப்.

ஃபிலிம் மாறினால் எண்ணும் மாறும். ஐ.எஸ்.ஓ. 200-க்கு 1.4-ஆல் பெருக்குங்கள், 80 என்பது 110 ஆகும். 400-க்கு இரட்டை, 160. ஆக, ஹெச்பி5 (ஐ.எஸ்.ஓ. 400 கறுப்பு வெள்ளை ஃபிலிம்) போட்டு எடுத்தால் 10 அடியில் நிற்பவருக்கு எஃப்/16.

தூரத்தை எப்படி அளப்பது? முகத்துக்கு ஃபோகஸ் செய்து லென்ஸ் வளையத்தைப் பாருங்கள். அடியும் மீட்டரும் இரண்டு வெவ்வேறு நிறத்தில் எழுதியிருக்கும். வீட்டுக்குள் அதுகூட வேண்டாம். தரையில் இரண்டடி டைல்ஸ் போட்டிருந்தால் ஐந்து கல் எண்ணினால் பத்து அடி. எண்ண வேண்டியது ஃப்ளாஷுக்கும் ஆளுக்கும் உள்ள தூரம். ஃப்ளாஷைக் கையில் தனியே பிடித்தால் கேமரா எங்கே இருக்கிறது என்பது கணக்கே இல்லை.

இந்தக் கணக்கில் ஷட்டர் வேகம் எங்குமே வரவில்லை, கவனித்தீர்களா? 1/60-ஆ, 1/8-ஆ என்பதால் ஃப்ளாஷ் வெளிச்சம் கூடாது, குறையாது. திறந்திருக்கும் நேரத்துக்குள் எப்படியும் அது முழுக்க அடித்து முடித்துவிடுகிறது.

பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பாதீர்கள். கம்பெனிக்காரர்கள் வெள்ளைச் சுவர் உள்ள அறையைக் கணக்கில் வைத்துத் தாராளமாகப் போட்டிருப்பார்கள். ஜூம் உள்ள புது ஃப்ளாஷில் போட்டிருப்பது முழுக்கக் குவித்தபோது வரும் எண். யாங்னுவோ 560-இல் காணும் 58 என்ற மீட்டர் எண் 105 மி.மீ.-க்கு, 35 மி.மீ. லென்ஸுக்கு விரித்தால் 40-ஐ எட்டாது. உண்மையான எண்ணை ஒரு இரவில் கண்டுபிடித்துவிடலாம், ஃபிலிம் செலவில்லாமல். மொட்டை மாடிக்குப் போங்கள், சுற்றிலும் சுவர் இருக்காது. ஒருவரைச் சரியாக 10 அடியில் நிறுத்துங்கள். ஒரு டிஜிட்டல் கேமராவை ஸ்டாண்டில் வைத்து ஐ.எஸ்.ஓ. 100, ஒரு செகண்ட், எஃப்/8. ஃப்ளாஷைக் கேமராவோடு இணைக்கவே வேண்டாம். ஷட்டர் திறந்திருக்கும் அந்த ஒரு செகண்டுக்குள் ஃப்ளாஷின் டெஸ்ட் பட்டனைக் கையால் அழுத்துங்கள். இணைப்பே இல்லாததால் பழைய ஃப்ளாஷின் வோல்ட் கேமராவைத் தொடாது. ஃப்ளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்து முழுக்கறுப்பாக வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எஃப்/8-இல் மங்கல், எஃப்/5.6-இல் முகம் சரி என்றால் 5.6 பெருக்கல் 10, உங்கள் ஃப்ளாஷ் 80 அல்ல, 56. அந்த எண்ணை ஒரு பிளாஸ்திரியில் எழுதி ஃப்ளாஷின் முதுகில் ஒட்டுங்கள். பெட்டியில் உள்ளதை இனி மறந்துவிடலாம்.

நெகட்டிவ் ஃபிலிமில் சந்தேகம் வந்தால் எப்போதும் ஒரு ஸ்டாப் கூடுதலாகவே வையுங்கள். அதிக வெளிச்சத்தை அது பொறுக்கும், குறைவைப் பொறுக்காது.

குரூப் போட்டோவில் இதே கணக்கு வேறு மாதிரி கடிக்கும். முன்வரிசை 8 அடியிலும் பின்வரிசை 14 அடியிலும் இருந்தால் இருவருக்கும் ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம். குழந்தைகள் வெளுத்து, பெரியவர்கள் இருண்டு நிற்பார்கள். நீங்கள் எட்டு அடி பின்னால் போனால் 16-க்கும் 22-க்கும் ஒரு ஸ்டாப்கூட இல்லை. அப்பர்ச்சரைத் திறக்க வேண்டிவரும், பரவாயில்லை.

ஆட்டோவும் அதன் ஏமாளித்தனமும்

பல பழைய ஃப்ளாஷ்களின் நெற்றியில் ஒரு சின்னக் கண் இருக்கும். விவிட்டார் 283 இந்த வகையில் பேர்போனது. ஃபிலிம் வேகத்தை டயலில் வைத்து, சிவப்போ மஞ்சளோ ஒரு நிறத்தைத் தேர்ந்து, டயல் சொல்லும் அப்பர்ச்சரை லென்ஸில் வைக்க வேண்டும். திரும்பி வரும் வெளிச்சத்தை அந்தக் கண் பார்த்து, போதும் என்றதும் ஃப்ளாஷை நிறுத்திவிடும். சொன்ன தூர வரம்புக்குள் ஆள் நகர்ந்துகொண்டே இருந்தாலும் வகுத்தல் வேண்டாம். கல்யாணத்துக்கு இதைவிட நல்ல துணை இல்லை. விரல் அந்தக் கண்ணை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறைத்தால் ஃப்ளாஷ் நிறுத்தத் தெரியாமல் முழுக்க அடித்துவிடும்.

ஆனால் அதற்கு வெள்ளை, கறுப்பு தெரியாது. எல்லாமே நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொள்ளும். சேலம் வெண்பட்டு வேட்டி, வெண்பட்டுச் சட்டையில் மாப்பிள்ளை படம் முழுக்க நின்றால், "அடேயப்பா எவ்வளவு வெளிச்சம்" என்று சீக்கிரமே அணைந்துவிடும்; பட்டு அழுக்குச் சாம்பலாக வரும். லென்ஸை ஒரு ஸ்டாப் திறங்கள். அம்மாப்பேட்டைப் பக்கம் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்பவரை எடுத்தால் நேர்மாறு. பின்னால் இருட்டு அறை, கண்ணுக்குத் திரும்பி வரும் வெளிச்சம் கொஞ்சம், ஃப்ளாஷ் அளவுக்கு மீறி அடித்து முகத்தை வெளுக்கும். ஒரு ஸ்டாப் மூடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு எடுக்கப் போகிறவர்களுக்கு ஆட்டோவே வேண்டாம். மெருகேற்றிய வெள்ளி ஒரு கண்ணாடி. நேராக அடித்தால் ஒரு புள்ளி சூரியன் மாதிரி வெடிக்கும், மீதி எதிரே உள்ள இருட்டைப் பிரதிபலித்துக் கறுப்பாக நிற்கும். அந்த ஒரு புள்ளியைப் பார்த்தே ஃப்ளாஷின் கண்ணும் ஏமாறும். கொலுசுக்கு எதிரே வெள்ளையாக ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். இரண்டு தெர்மகோல் அட்டையை இருபுறமும் நிறுத்தி, ஃப்ளாஷை வயரில் தனியே எடுத்து ஓர் அட்டைமேல் அடியுங்கள். கொலுசு பார்ப்பது அட்டையை. சலங்கையின் வளைவெல்லாம் வரும். தூரக் கணக்கு ஃப்ளாஷிலிருந்து அட்டை, அட்டையிலிருந்து கொலுசு இரண்டையும் கூட்டி. அதற்கு மேல் ஒன்றரை ஸ்டாப் திறங்கள்.

கூரையில் மோதி அடிப்பதும் இதே கணக்குதான். வெள்ளைக் கூரைக்கு ஏறும் தூரம், இறங்கும் தூரம் சேர்ந்து 14 அடி என்றால் 80-ஐ 14-ஆல் வகுத்து எஃப்/5.6, கூரை விழுங்கியதற்கு ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் திறந்து எஃப்/4-க்கும் 2.8-க்கும் நடுவில். பச்சை, ரோஸ் அடித்த சுவர் என்றால் முகமும் அதே நிறமாகும். ஏற்காட்டுப் பழைய பங்களாக்களின் உயரமான மரக்கூரையில் மோதினால் கீழே ஒன்றும் திரும்பி வராது.

பின்னணியையும் காப்பாற்ற

ஃப்ளாஷ் படம் எல்லாம் கரும்பலகை முன்னால் நிற்பது போல வருவது, 1/60-ஐ விட்டு இறங்காததால்தான். முகத்தை அப்பர்ச்சர் பார்த்துக்கொள்ளும். பின்னணியின் வெளிச்சத்தை ஷட்டர் வேகத்தைக் குறைத்துக் கொண்டுவரலாம். குத்துவிளக்கும் வீட்டு பல்பும் எரியும் கூடத்தில், ஐ.எஸ்.ஓ. 400, எஃப்/4, 1/8 செகண்ட் என்று தொடங்குங்கள். 10 அடியில் நிற்பவருக்கு முழு அடி மிக அதிகம். 160-க்கு எஃப்/16 வேண்டும், நீங்கள் வைத்திருப்பதோ எஃப்/4, நான்கு ஸ்டாப் தள்ளி. ஃப்ளாஷை 1/16 பலத்துக்கு இறக்கினால் சரியாகிவிடும். கேமராவைச் சுவரிலோ தூணிலோ சாய்த்துப் பிடியுங்கள். ஆள் கொஞ்சம் அசைந்தாலும் ஃப்ளாஷ் உறையவைத்துவிடும்.

ஆடியில் சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கைக்கு (வேடம் போட்டவர்கள் வண்டிகளில் வரும் ஊர்வலம்) போகிறவர்களுக்கு: மேலே வானம், பக்கத்தில் சுவர் கிடையாது, ஆகவே மாடியில் கண்டுபிடித்த 56 என்ற எண்தான் செல்லும். ஐ.எஸ்.ஓ. 400-க்கு அது 112. வேடம் போட்டு வண்டிமேல் நிற்பவர் 20 அடி என்றால் எஃப்/5.6. வண்டியின் சீரியல் பல்புகள் துலங்க ஷட்டரை 1/30-க்கு இறக்குங்கள். 40 அடியில் வரும் வண்டிக்கு அடிப்பது வீண். முன்னால் நிற்பவர்களின் பின்னந்தலைதான் பளிச்சென்று விழும். மாடு, குதிரையின் கண்ணுக்கு நேரே அடிக்காதீர்கள். கோயில் கருவறைப் பக்கம் ஃப்ளாஷே வேண்டாம். ஏற்காட்டுச் சாலையில் இரவில் காட்டுமாடு நின்றாலும் அப்படித்தான், அங்கே படத்தைவிட உயிர் பெரிது.

பகல் வெயிலிலும் ஃப்ளாஷுக்கு வேலை உண்டு. ஏற்காடு ஏரிக்கரையில் உச்சிவெயிலில் தொப்பி போட்டு நிற்பவரின் கண்கள் குழிக்குள் இருண்டிருக்கும். ஐ.எஸ்.ஓ. 100-க்கு வெயில் கணக்கு எஃப்/16, 1/125. கே1000-இல் 1/60-க்கு மேல் போக முடியாதே, அப்போது எஃப்/22 கேட்கும். பல 50 மி.மீ. லென்ஸ்கள் எஃப்/16-இலேயே நின்றுவிடும். அங்கேயே நின்று ஒரு ஸ்டாப் கூடுதல் வெயிலை நெகட்டிவ் ஃபிலிமின் பொறுமையில் விட்டுவிடலாம். லீஃப் ஷட்டர்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை: 1/500, எஃப்/8. 80 எண் உள்ள ஃப்ளாஷ் 10 அடியில் வெயிலுக்குச் சமமாக அடிக்கும், அது செயற்கையாகத் தெரியும். 14 அடிக்குப் போங்கள், ஒரு ஸ்டாப் குறைவாக விழும், ஃப்ளாஷ் அடித்ததே தெரியாமல் கண் மட்டும் விழித்துக்கொள்ளும். மலிவான ரேடியோ டிரிக்கர் (வயரில்லாமல் ஃப்ளாஷை அடிக்க வைப்பது) 1/500-இல் தாமதமாகி வெளிச்சத்தை வெட்டிவிடலாம். அந்த வேகத்துக்கு வயரே நம்பகம்.

மூடுபனி வேறு ரகம். சேர்வராயன் கோயில் பக்கம் மேகம் தரையில் இறங்கி நிற்கும் காலையில், கேமரா தலையில் ஃப்ளாஷை வைத்து அடித்தால் லென்ஸுக்கு அருகில் உள்ள நீர்த்துளிகள்தான் முதலில் வெளிச்சம் வாங்கும். படம் பால் ஊற்றியது போல வெளுக்கும், ஆள் காணாமல் போவார். பனியில் ஃப்ளாஷை அணைத்து வைப்பதே பெரும்பாலும் நல்லது. பனியே ஒரு பெரிய மெல்லிய துணி மாதிரி வெளிச்சத்தைப் பரப்பிக் கொடுக்கிறது. அடித்தே ஆக வேண்டும் என்றால் நாலைந்து அடி வயரில் ஃப்ளாஷைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்து, ஐந்தாறு அடிக்குள் இருப்பவருக்கு மட்டும் அடியுங்கள். ரேடியோ டிரிக்கர் இருந்தால் வேறொன்று செய்து பாருங்கள்: ஃப்ளாஷை ஆளுக்குப் பின்னால் மறைத்து, கேமராவைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். ஆளின் பின்னால் பனி முழுக்கப் பற்றியது போல ஒளிரும், சில்வர் ஓக் மரங்களின் நிழல் கீற்றுக் கீற்றாக நம் பக்கம் நீளும். இதற்குக் கைடு நம்பர் உதவாது. முழு பலத்தில் எஃப்/5.6, 8, 11 என்று மூன்று படம் எடுத்துவிடுங்கள்.

ஃப்ளாஷ் நனைந்தால் உடனே அணைத்து பேட்டரியை எடுங்கள். 300 வோல்டும் ஈரமும் சேரக் கூடாது. மலையில் குளிர்ந்த கேமராவை 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துப் புழுக்கத்தில் உடனே வெளியே எடுத்தால் லென்ஸுக்குள்ளும் ஷூவிலும் நீர் கோத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதுவே விதை. மேலே இருக்கும்போதே ஜிப் கவரில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பையைத் திறக்காமல் வைத்துவிட்டு, பிறகு பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். மாதம் ஒரு தடவை அதே பேட்டரியைப் போட்டு, ரெடி விளக்கு வந்ததும் ஐந்து நிமிடம் விட்டு, நாலு முழு அடி அடித்து மறுபடி உள்ளே வைத்தால் அடுத்த ஆடிக்கு ஃப்ளாஷை முதலிலிருந்து பழக்க வேண்டியதில்லை.